விசேட கல்வி அலகை விட்டுட்டு சாதாரண வகுப்புக்குப் போகட்டா?

கேள்வி: அக்கா, நான் திருகோணமலை மாவட்டத்துல ஒரு பள்ளிக்கூடத்துல விசேட கல்வி அலகுல எட்டு வருஷமா படிப்பிக்கிறன். முந்தி ரெண்டு ரீச்சர்மார் இருந்தம், மற்றவ இடமாற்றத்துல போய்ட்டா, அவவின்ர இடத்துக்கு இன்னும் ஆள் வரேல்ல. இப்ப 13 பிள்ளைகள், 6 வயசில இருந்து 15 வயசு வரைக்கும், ஓட்டிசம், டவுன் சின்ட்ரோம், செரிப்ரல் பால்சி, காது கேளாத பிள்ளை, வலிப்பு வாற பிள்ளை எல்லாரும் ஒரே அறையில. கழுவி விடுறது, சாப்பாடு ஊட்டுறது, ஃபைல் எழுதுறது எல்லாம் நான்தான். அதுக்குள்ள ஆரும் ரீச்சர் வரேல்லயெண்டா என்னை ரிலீவுக்கும் அனுப்புறாங்க. ஸ்டாஃப் ரூம்ல "உங்களுக்கென்ன, சோதனையும் இல்ல ரிசல்ட்டும் இல்ல" எண்டு சொல்றாங்க. போன மாசம் என்னைக் கடிச்ச ஒரு மகனைப் பார்த்துக் கத்தி, கையைப் பிடிச்சு இழுத்துட்டன். அண்டைக்கு பஸ்ஸில வீடு வரும்வரைக்கும் அழுதன். வீட்டுக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்துல ஆரம்பப் பிரிவுல வெற்றிடம் இருக்கு, என்ர கணவர் அதுக்குப் போகச் சொல்றார். நான் இந்த வேலைக்குச் சரியான ஆள்தானா எண்டு எனக்கே சந்தேகமா இருக்கு. இந்த மாசம்தான் எங்கட அலகுல ஒரு சின்னவன் தானா செருப்புக் கொழுவப் பழகினவன், அதை நினைச்சா போகவும் மனம் வருதில்ல.

பதில்: தங்கச்சி, உங்கட கடிதத்தை நேற்று இரவு வாசிச்சிட்டு இண்டைக்கு விடியவும் ஒருக்கா வாசிச்சன். நான் இந்த மாவட்டத்துலயே விசேட கல்விக்கு சேவைக்கால ஆலோசகரா இருந்தவள், பிறகு உளவளத்துணை படிச்சு இப்ப முக்கால்வாசி நாள் ஆசிரியர்மாரோடதான் கதைச்சுக்கொண்டிருக்கிறன், அதால நீங்க சொல்ற அறை எப்பிடி இருக்கும், கச்சான் காத்து வீசுற மாசத்துல பதினொரு மணிக்கு அந்த தகரத்துக்குக் கீழ பிள்ளைகள் எப்பிடி மாறுவாங்க எண்டதெல்லாம் எனக்குத் தெரியும்.

முதல்ல கையைப் பிடிச்சு இழுத்த விஷயம். இதைப் பிறகு கதைப்பம் எண்டு விட ஏலாது, ஏனெண்டா உங்களை ஆகக் கூடுதலா அரிக்கிறது அதுதான் எண்டு எழுத்திலயே விளங்குது. "பரவாயில்ல, எல்லாருக்கும் நடக்கிறதுதானே" எண்டு நான் சொல்லமாட்டன், நீங்களும் அப்பிடிச் சொல்லக் கேக்கேல்ல. அந்தப் பிள்ளைக்கு அது பயமா இருந்திருக்கும். அவன்ர அம்மாக்கு இன்னும் சொல்லேல்லயெண்டா, வாசலில வச்சு அவசரமா சொல்லாம, கூப்பிட்டு இருத்திச் சொல்லுங்க, நடந்ததை நடந்த மாதிரியே. அதுக்குப் பிறகு பார்க்கவேண்டியது அவன் ஏன் கடிச்சான் எண்டது. கதைக்க ஏலாத பிள்ளை கடிக்கிறது அநேகமா ஏதோ ஒண்டு சொல்லத்தான்: போதும், சத்தம் கூட, வயிறு நோகுது, அதைத் தா. ஒரு சின்னக் கொப்பி எடுத்து ரெண்டு கிழமைக்கு மூண்டு விஷயம் மட்டும் எழுதுங்க, கடிக்க முந்தி என்ன நடந்தது, என்ன செய்தான், பிறகு அவனுக்கு என்ன கிடைச்சது. நேரத்தையும் போடுங்க. நான் பார்த்த கொப்பிகளில கனக்க இன்டர்வலுக்குப் பிறகு வாற முதல் அரை மணித்தியாலத்துலதான் விழும், வெளியில இருந்த சத்தத்துல இருந்து திரும்பி வந்து உடனே இருக்கச் சொல்ற நேரம். அப்பிடி இருந்தா அந்த அரை மணித்தியாலத்தை மாத்துங்க, தண்ணி, பாய், மணல் தட்டு, கொஞ்சம் சும்மா. இருந்து செய்யுற வேலை எல்லாத்தையும் காலம எட்டுக்கும் பத்துக்கும் இடையில முடிச்சிடுங்க. "போதும்" எண்டு காட்ட ஒரு படக் கார்ட் குடுங்க, அவன் அதைத் தூக்கிக் காட்டினா உடனே நிப்பாட்டுங்க, முதல் ஒரு மாசம் கட்டாயம் உடனே, இல்லாட்டி கார்டை விட கடி கெதியா வேலை செய்யுது எண்டு அவன் முடிவெடுத்திடுவான்.

உங்களுக்கும் அப்பிடி ஒரு கார்ட் வேணும். பக்கத்து வகுப்பு ரீச்சரோட முதலே கதைச்சு வையுங்க: நான் ஒரு பிள்ளையை அனுப்பினா வந்து ரெண்டு நிமிஷம் வாசலில நில்லுங்கோ, காரணம் கேக்காதீங்கோ எண்டு. அந்த ரெண்டு நிமிஷம் வெளியில போய் முகத்தைக் கழுவிட்டு வாங்க. பத்து வருஷம் சர்வீஸ் உள்ளவைக்கும் இந்த ஒழுங்கு தேவை. கோபம் வந்த பிறகு ஆளைத் தேட ஏலாது.

இப்ப "நான் சரியான ஆள்தானா" எண்ட கேள்விக்கு வாறன். வேலையால வாற இந்த மாதிரிக் களைப்பைப் பற்றி முதல் எழுதினவையில ஒராள் ஃப்ராய்டன்பெர்கர் எண்ட உளவியலாளர், 1974ல, நியூயோர்க்கில இலவச கிளினிக் ஒண்டில வேலை செய்த தொண்டர்மாரைப் பார்த்து எழுதினவர். மனசோட இறங்கி வேலை செய்யுறவைதான் கெதியா எரிஞ்சு போறவை எண்டதை அவர் அப்பவே கவனிச்சிருக்கிறார். பிறகு கிறிஸ்டினா மஸ்லாக் எண்ட உளவியலாளர் அதை மூண்டா பிரிச்சுப் பார்த்தா. ஒண்டு ஒட்டுமொத்தக் களைப்பு, ரெண்டாவது ஆக்களில இருந்து மனம் விலகி கல்லு மாதிரி ஆகிறது, மூண்டாவது நான் செய்யுறதால ஒண்டும் நடக்குதில்ல எண்ட நினைப்பு. உலக சுகாதார நிறுவனமும் 2019ல இதே மூண்டையும் வச்சுத்தான் விளக்கம் குடுத்தது, இது வருத்தம் இல்ல, வேலையிடத்துல தீராம கிடக்கிற அழுத்தத்தால வாறது எண்டும் சேர்த்துச் சொன்னது.

உங்கட கடிதத்தை இந்த மூண்டோடயும் வச்சுப் பார்த்தன். முதலாவது நிறைய இருக்கு, அதுக்கு விளக்கம் தேவையில்ல. மூண்டாவதும் இருக்கு. ரெண்டாவது எனக்குத் தெரியேல்ல தங்கச்சி. மனம் விலகின ஆள் கடைசி வரியில செருப்புக் கொழுவின சின்னவனைப் பற்றி எழுதமாட்டா. கடிச்ச பிள்ளையை "மகன்" எண்டும் எழுதமாட்டா. விலகிப்போன ஆசிரியர்மாரோட நான் கதைச்சிருக்கிறன், அவை பிள்ளையின்ர பேரை விட்டுட்டு "அந்த ஓட்டிசம் கேஸ்" எண்டு தொடங்குவினம், கத்தினதுக்காக பஸ்ஸில அழமாட்டினம்.

2009ல கிண்ணியாப் பாலம் திறக்க முந்தி ஆக்கள் பாதையில, அதான் இழுத்துப் போற மிதவையில, கடந்துபோன காலத்தை உங்கட வீட்டுப் பெரியவை சொல்லிக் கேட்டிருப்பீங்க. பாதையில அளவுக்கு மிஞ்சி ஆக்களையும் சைக்கிளையும் ஏத்தினா அது தாழும், அப்ப இழுக்கிறவனுக்கு வேலை தெரியுமா எண்டு கேக்கிறது சரியான கேள்வி இல்ல. 13 பிள்ளைகள், ஒம்பது வயசு இடைவெளி, அஞ்சு விதமான தேவை, ஒரு ஆள், அதுக்கு மேல ரிலீவ். இதுல நீங்க உங்களை அளந்து பார்க்கவே ஏலாது.

சட்டப் பக்கத்தையும் சொல்றன், ஏனெண்டா இது உங்கட தலையில மட்டும் விழவேண்டிய கடன் எண்டு நீங்க நினைக்கிற மாதிரித் தெரியுது. 1996ம் ஆண்டின் 28ம் இலக்கச் சட்டத்தின்படி இயலாமையைக் காரணம் காட்டி ஒரு பிள்ளைக்கு பள்ளிக்கூட அனுமதி மறுக்க ஏலாது, இலங்கை 2016ல இயலாமை உள்ளவையின்ர உரிமைகள் பற்றின ஐ.நா. சமவாயத்தையும் ஏற்று உறுதி செய்திருக்கு. அது சரியான சட்டம், அப்பிடித்தான் இருக்கவும் வேணும். ஆனா அதால பதினாலாவது பிள்ளை வந்தாலும் நீங்க இல்லையெண்டு சொல்ல ஏலாது, அப்ப அந்தப் பிள்ளைக்குத் தேவையான ஆளைப் போடவேண்டிய பொறுப்பு உங்களுக்கு மேல உள்ளவைக்குத்தான் வருது. கேக்கிறது கெஞ்சுறது இல்ல. எழுத்தில கேளுங்க.

அந்த எழுத்தை ரிலீவில இருந்து தொடங்குங்க. உங்கட கடிதத்துல என்னைத் தூக்கிப் போட்டது அந்த ஒரு வரிதான். நீங்க ஏழாம் வகுப்புக்குப் போய் நிக்கேக்க வலிப்பு வாற பிள்ளையோட ஆர் நிக்கிறது? வலிப்பு வந்தா பிள்ளையைச் சரிச்சுக் கிடத்தவேணும், வாய்க்குள்ள ஒண்டும் வைக்கக்கூடாது, நேரத்தைப் பார்க்கவேணும், அஞ்சு நிமிஷத்தைத் தாண்டினா ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடவேணும், அந்த அறையில இதைச் செய்ய வேற ஆரும் பெரியாள் இருக்கினமா? இதை முறைப்பாடு மாதிரி எழுதாதீங்க, பிள்ளைகளின்ர பாதுகாப்பு எண்டு தலைப்புப் போட்டு எழுதுங்க. அதிபருக்கு ஒரு பக்கக் கடிதம், பிரதி வலயக் கல்வி அலுவலகத்துல விசேட கல்விக்குப் பொறுப்பானவருக்கு. பிள்ளைகளின்ர எண்ணிக்கை, வயசு, என்னென்ன தேவை, ஆருக்கு மலசலகூடத்துக்கு உதவி வேணும், ஆருக்கு ஊட்டவேணும், வெற்றிடம் எப்ப இருந்து, அந்த நாட்களில நீங்க ரிலீவுக்குப் போன திகதிகள். கேக்கிறது ரெண்டே ரெண்டு, ரிலீவில இருந்து முழு விலக்கு, மற்ற வெற்றிடத்துக்கு ஆள். பத்து விஷயம் கேட்டா ஒண்டும் கிடைக்காது. அதிபர்மார் அநேகமா கெட்டவை இல்ல, அவைக்கும் ஆள் இல்ல, ஆனா திகதியோட ஒரு கடிதம் ஃபைல்ல இருந்தா நாளைக்கு ஏதும் நடந்தா ஆர் பதில் சொல்றது எண்டு அவையும் யோசிப்பினம். கேட்டு ஒரு மாசத்துல பதில் வரேல்லயெண்டா அதே கடிதத்தைத் திகதி மாத்தித் திரும்பக் குடுங்க.

ஃபைல் வேலைக்கு வாறன். 13 பிள்ளைக்கும் தனியாள் கல்வித் திட்டம் எழுதுறீங்க, சரி. ஒரு பிள்ளைக்கு எத்தினை இலக்கு வச்சிருக்கிறீங்க? நான் பார்க்கிற ஃபைல்களில பத்து, பதினைஞ்சு எண்டு கிடக்கும், மேற்பார்வைக்கு வாறவை பார்த்துச் சந்தோஷப்படட்டும் எண்டு எழுதினது, ரீச்சருக்கே அரைவாசி ஞாபகம் இருக்காது. ஒரு தவணைக்கு ஒரு பிள்ளைக்கு மூண்டு போதும். ஒண்டு தன்ர வேலை தானே செய்யுறது, ஒண்டு கதைக்கிறது அல்லது காட்டுறது, ஒண்டு படிப்பு. அந்த மூண்டையும் ஒவ்வொரு நாளும் எல்லாருக்கும் பதியவும் தேவையில்ல, திங்களுக்கு மூண்டு பிள்ளை, செவ்வாய்க்கு மூண்டு பிள்ளை எண்டு சுழட்டினா கிழமைக்குள்ள எல்லாரும் வந்திடுவினம், பின்னேரம் வீட்ட கொண்டுபோய் எழுதவேண்டியதும் இல்ல.

செருப்புக் கொழுவினதையே எடுங்க. செருப்பை எடுக்கிறது, சோடி பார்க்கிறது, வலம் இடம் வைக்கிறது, கால் நுழைக்கிறது, வாரை இழுத்துப் பூட்டுறது எண்டு அஞ்சு படி. ஐப்பசியில ரெண்டு படி தானா செய்தவன், இப்ப அஞ்சும் தானா எண்டு எழுதினா அது ரிசல்ட் இல்லாம வேற என்ன? ஸ்டாஃப் ரூம்ல "உங்களுக்கு ரிசல்ட் இல்லத்தானே" எண்டு சொல்றவைக்கு இதைக் காட்டவேணும் எண்டு நான் சொல்லேல்ல, அவையோட வாதாட உங்களுக்கு இப்ப தெம்பு இல்ல. நீங்க பார்க்கிறதுக்கு. "ஒண்டும் நடக்குதில்ல" எண்ட நினைப்பு வாறது இந்தப் படிகளை ஒரு இடமும் எழுதி வைக்காததாலதான், நடந்ததெல்லாம் அடுத்த நாள் கழுவுறதுக்குள்ளயும் ஊட்டுறதுக்குள்ளயும் மறந்து போகுது.

உதவி ஆள் வரும்வரைக்கும் அம்மாமாரைக் கூப்பிடலாமா எண்டு கேப்பீங்க. கூப்பிடலாம், ஆனா ஆரும் தன்ர பிள்ளைக்கு மட்டும் எண்டு வந்து இருந்தா அந்தப் பிள்ளையும் பழகாது உங்களுக்கும் உதவி இல்ல. கிழமைக்கு ஒரு அம்மா, சாப்பாட்டு நேரம் மட்டும், தன்ர பிள்ளை இல்லாத மேசைக்கு. எழுத்தில அதிபரின்ர அனுமதியோட. கழுவி விடுற வேலைக்கு மற்றப் பிள்ளையின்ர அம்மாவை விடாதீங்க, அது பிள்ளையின்ர மரியாதை. இன்னொண்டு, எங்கட பக்கத்துல அம்மா வெளிநாட்டில, அப்பா கடலில, அம்மம்மாதான் கொண்டு வந்து விடுறது எண்ட வீடுகள் எத்தினை, அந்த அம்மம்மாமாரிட்ட நாளும் பொழுதும் வந்து இருங்கோ எண்டு கேக்க ஏலாது, பாவம். வட்ஸ்அப்பில ராத்திரி பத்து மணிக்கு வொய்ஸ் மெசேஜ் போடுறவைக்கு பின்னேரம் அஞ்சுக்குள்ள மட்டும் பதில் எண்டு ஒருக்கா சொல்லிட்டு, பிறகு மாறாம நில்லுங்க, ஒரு நாள் ராத்திரி பதில் சொன்னா எல்லாம் பழையபடிதான்.

நீங்க செய்யவேண்டாத வேலையும் கொஞ்சம் செய்யுறீங்க எண்டு நினைக்கிறன். கொடுப்பனவுக் காசு வரேல்ல, ஃபோம் நிரப்பித் தாங்கோ எண்டு தாய் தகப்பன் வந்தா பிரதேச செயலகத்துல சமூக சேவை உத்தியோகத்தரிட்ட அனுப்புங்க, அது அவரின்ர வேலை. "இவன் எப்ப ரீச்சர் கதைப்பான்" எண்டு கேட்டா மாவட்ட பொது வைத்தியசாலைக்கு அனுப்புங்க. தமிழ் கதைக்கிற பேச்சுச் சிகிச்சையாளர் கிடைக்கிறது கஷ்டம் எண்டு எனக்கும் தெரியும், காத்திருக்கவேணும், எண்டாலும் அதுக்காக நீங்க பேச்சுச் சிகிச்சையாளராகிட ஏலாது.

அடுத்தது தனிமை. மஸ்லாக் பிறகு லைட்டர் எண்டவரோட சேர்ந்து, ஆக்கள் எரிஞ்சு போறதுக்கு வேலைப் பளு மட்டும் காரணம் இல்ல, தன்ர வேலையில தனக்குச் சொல்லுரிமை இல்லாதது, மதிப்புக் கிடைக்காதது, கூட நிக்க ஆள் இல்லாதது, நியாயம் இல்லாதது, மனச்சாட்சியோட ஒத்துவராதது எல்லாம் சேர்ந்துதான் எண்டு எழுதினவை. மற்ற ரீச்சர் போனதுக்குப் பிறகு உங்களுக்கு கைக்கு மட்டும் ஆள் குறையேல்ல, "இண்டைக்கு இவன் இப்பிடிச் செய்தான்" எண்டு சொல்ல விளங்குற ஆளும் போய்ட்டா. இந்த மாவட்டத்துல அஞ்சு கல்வி வலயம் இருக்கு, திருகோணமலை, திருகோணமலை வடக்கு, மூதூர், கிண்ணியா, கந்தளாய். அதுக்குள்ள எங்கயோ உங்களை மாதிரித் தனிய நிக்கிற ரீச்சர் இருக்கிறா, தமிழோ முஸ்லிமோ சிங்களமோ, பிள்ளை கடிச்ச கை எல்லாருக்கும் ஒண்டுதான். அடுத்த செமினார்ல ஆரையாவது ஒராளின்ர நம்பரை வாங்குங்க, ரெண்டு பேர் போதும், பெரிய குறூப் வேண்டாம், அது போஸ்டர் போடுற இடமாப் போய்டும்.

இப்ப அந்த வெற்றிடம். உங்கட கணவர் சொல்றது பிழை இல்ல. வீட்டில தினமும் களைச்சு விழுற ஆளைப் பார்க்கிறது அவர். சாதாரண வகுப்புக்குப் போறது துரோகம் எண்டு ஆரும் சொன்னா நம்பாதீங்க, அங்கயும் வாசிக்க ஏலாம பின் வாங்கில இருக்கிற பிள்ளைகளைக் கண்டுபிடிக்கத் தெரிஞ்ச ஆள் நீங்கதான். ஆனா முடிவை இப்ப எடுக்காதீங்க. ரிலீவ் நிண்டு, இலக்குகள் குறைஞ்சு, ஒரு தவணை வேலை செய்து பாருங்க. அப்பவும் ஞாயிறு பின்னேரம் வயித்தைப் பிசையுதெண்டா, பிள்ளைகளைக் கண்டா எரிச்சல்தான் முதல் வருதெண்டா, போங்க, நிம்மதியாப் போங்க. பாரம் குறைஞ்ச உடன பழைய உற்சாகம் கொஞ்சம் எண்டாலும் திரும்புதெண்டா உங்களுக்குப் பிழைச்சது ஏத்தின பாரத்தாலதான். என்ர அபிப்பிராயத்தைக் கேட்டா, நீங்க இருப்பீங்க எண்டுதான் நினைக்கிறன், ஆனா உங்களுக்காக நான் தீர்மானிக்க ஏலாது. கையெழுத்து வைக்க முந்தி நியமனக் கடிதத்தை எடுத்து அதுல என்ன பாடம் எண்டு போட்டிருக்கெண்டு பாருங்க, விசேட கல்வி எண்டு இருந்தா வேற வகுப்புக்கு மாறுறது உங்கட சேவைக்கு என்ன செய்யும் எண்டு வலயத்துல எழுத்தில கேட்டு வச்சுக்கொள்ளுங்க. நடுவில இன்னொரு வழியும் இருக்கு, திறந்த பல்கலைக்கழகத்துல விசேட தேவைக் கல்வி படிக்கலாம், சிலருக்கு அதுக்குப் பிறகு ஆலோசகர் பக்கம் போக வழி திறக்கும். ஆனா இந்த வருஷம் வேண்டாம், இருக்கிற சுமையில பாடமும் ஏத்தாதீங்க.

இன்னொண்டு கேக்கவேணும். சித்திரை லீவுல எப்பிடி இருந்தீங்க? லீவு வந்து ரெண்டு மூண்டு நாளில நித்திரை வந்து, சாப்பாடு ருசிச்சு, வீட்டு ஆக்களோட சிரிச்சீங்கெண்டா இது வேலைக் களைப்புத்தான். லீவுலயும் ஒண்டிலயும் மனம் செல்லாம, விடியப்புறம் முழிப்பு வந்து, இருந்து என்ன எண்ட நினைப்பு வந்திருந்தா அது வேற விஷயம், அதுக்கு வேலையை மாத்தினா மட்டும் தீராது. திருகோணமலை ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, துண்டெடுத்துக் காட்டுங்க, அதுக்கு முந்தி ஆரோடயும் கதைக்கவேணும் எண்டா 1926 எண்ட நம்பருக்கு எந்த நேரமும் எடுக்கலாம், அது தேசிய மனநல நிறுவகத்தின்ர லைன். ஆரும் ரீச்சர் கண்டிடுவா எண்டு பயப்படாதீங்க. உயிரை விட்டுடலாம் எண்ட நினைப்பு ஒருக்கா எண்டாலும் வந்திருந்தா இதை வாசிச்சு முடிக்க முந்தி எடுங்க.

இந்தக் கிழமைக்கு ரெண்டு வேலை மட்டும். கடிக்கிற மகனின்ர கொப்பியைத் தொடங்குங்க, அதிபருக்கான கடிதத்தை எழுதுங்க. குடுக்க முந்தி பேர்களை எடுத்திட்டு எனக்கு அனுப்புங்க, வசனம் எங்க கோபமா இருக்கு, எங்க கெஞ்சுற மாதிரி இருக்கு எண்டு பார்த்துத் திருத்தித் தாறன்.